காக்கா உட்கார்ந்த கதை: ஒரு காயமும் 150 வருஷக் கேள்வியும்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை ஒரு சின்ன விபத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னோட விபத்துதான்.

ஒரு மழைநாள் சாயங்காலம், ஆபீஸ் முடிஞ்சு வேளச்சேரி பக்கமா ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். முன்னாடி போன ஆட்டோ சட்டுன்னு நிற்க, நான் பிரேக் பிடிக்க, வண்டி வழுக்கிவிட்டது. பெரிய அடி இல்லை. வலது முழங்கையில் நல்ல சிராய்ப்பு. வண்டி கணுக்கால் மேல் சாய்ந்ததில் வீக்கம். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை. ஐஸ், கிரேப் பேண்டேஜ், ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை. அவ்வளவுதான்.

எனக்கு 18 வயதிலிருந்தே சொரியாசிஸ் உண்டு. உச்சந்தலையில் கொஞ்சம், முழங்காலில் கொஞ்சம். முழங்கையில் வந்ததே இல்லை. விழுந்து இரண்டு வாரம் கழித்து, சிராய்ப்பு ஆறிய இடத்தில், அந்தச் சிராய்ப்பின் அதே வடிவத்தில், சிவப்பாக ஒரு திட்டு. மேலே வெள்ளைச் செதில். சொரியாசிஸ். தோல் டாக்டர் பார்த்தவுடனே சொன்னார்: "இதுக்குக் கோப்னர்னு பேரும்மா. அடிபட்ட இடத்துல வரும்." க்ரீம் எழுதிக் கொடுத்தார். சரி என்று விட்டுவிட்டேன்.

நாலு மாதம் கழித்து அடுத்தது வந்தது. காலையில் எழுந்து தரையில் கால் வைத்தால் வலது குதிகாலில் உயிர் போகிற வலி. அரைமணி நேரம் நொண்டினால்தான் இலகும். பிறகு இரண்டாவது கால்விரல் முழுசாக வீங்கி, உருண்டுகொண்டது. எலும்பு டாக்டரிடம் போனேன். "டாக்டர், அன்னைக்கு விழுந்தேனே, அதனாலயா?" என்று கேட்டேன். சுளுக்கு சரியாக ஆறவில்லை என்றார். எனக்குச் சொரியாசிஸ் இருக்கிறதே என்றேன். "தோலுக்கும் மூட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஆர்.ஏ. ஃபேக்டர். ரிப்போர்ட் நெகட்டிவ். "பாத்தியா, வாதம் எல்லாம் இல்லை" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் அம்மா, "வண்டி வாங்கினப்பவே கண்ணு பட்டுடுச்சு" என்றாள். அப்பா, "காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை. எல்லாத்துக்கும் அந்த விபத்தையே சொல்லாத" என்றார்.

இந்த எபிசோட் அப்பா சொன்ன அந்தப் பழமொழியைப் பற்றித்தான். காக்கா உட்கார்ந்ததாலதான் பழம் விழுந்ததா? இல்லை, விழ வேண்டிய பழம், காக்கா வந்த நேரத்தில் விழுந்ததா? அடிபட்டதற்கும் மூட்டு வீங்கியதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி மருத்துவத்துக்குள் 150 வருஷமாக அலைந்திருக்கிறது. அதன் கதை பிரெஸ்லாவ் என்ற ஊரில் ஆரம்பிக்கிறது.

குதிரை கடித்த இடம்

பிரெஸ்லாவ் இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது, வ்ரோத்ஸ்வாஃப் என்ற பெயரில். 1872இல் அது ஜெர்மனியின் ஊர். அங்கே ஹைன்ரிஷ் கோப்னர் என்ற தோல் மருத்துவர் இருந்தார். 1838இல் அதே ஊரில் பிறந்தவர். வியன்னாவிலும் பாரிஸிலும் அந்தக் காலத்துப் பெரிய தோல் மருத்துவர்களிடம் கற்றவர். ஆள் கொஞ்சம் விசித்திரம். தோலில் வரும் பூஞ்சைத் தொற்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் என்று காட்ட, மூன்று வகைப் பூஞ்சையைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு, மருத்துவர்கள் கூட்டத்தில் மார்பையும் கையையும் காட்டியவர்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு சொரியாசிஸ் நோயாளி வந்தார். அவருடைய திட்டுகள் எங்கெங்கே வந்தன என்று கோப்னர் கவனித்தார். தோல் சிராய்த்த இடத்தில். குதிரை கடித்த இடத்தில். பச்சை குத்திய இடத்தில். அதுவரை நன்றாக இருந்த தோலில், காயம் எங்கே பட்டதோ அங்கே, காயத்தின் அதே வடிவத்தில் நோய் முளைத்திருந்தது. 1872இல் இதை ஊரின் அறிஞர் சபையில் எடுத்துச் சொன்னார். சில வருஷம் கழித்து அச்சிலும் வந்தது. பிறகு உலகமே அதற்கு அவர் பெயரை வைத்தது: கோப்னர் நிகழ்வு.

இதில் முக்கியமானது ஒன்று உண்டு. காயம் சொரியாசிஸை உண்டாக்குகிறது என்று அர்த்தமில்லை. அப்படி இருந்தால் கீழே விழுந்த எல்லாருக்கும் வந்திருக்கணும். உடம்புக்குள் அந்தத் தன்மை ஏற்கெனவே இருப்பவருக்கு, காயம் அதை அந்த இடத்துக்குக் கூப்பிடுகிறது. பெரும்பாலும் பத்து இருபது நாளில் வரும். சொரியாசிஸ் உள்ள நாலு பேரில் ஒருவருக்கு இப்படி நடக்கும் என்பது பாடப்புத்தகங்கள் சொல்லும் கணக்கு. என் முழங்கை அந்தக் கணக்கில் சேர்த்தி.

தோலைப் பொறுத்தவரை கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. காயத்துக்குப் பங்கு உண்டு. அப்படியானால் மூட்டுக்கு ஏன் யாரும் இதைக் கேட்கவில்லை?

இரண்டு வாசல், இரண்டு வரிசை

ஏனென்றால், தோலும் மூட்டும் ஒரே நோயின் இரண்டு முகம் என்பதையே ஏற்றுக்கொள்ள இன்னும் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆனது.

பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. பாரிஸில் சேன் லூயி மருத்துவமனையில் இருந்த ஆலிபேர், சொரியாசிஸ் நோயாளிகளுக்கு மூட்டுவலியும் சேர்ந்து வருவதை 1818இலேயே குறித்திருக்கிறார். அதே மருத்துவமனையின் பஸான் 1860இல் அதற்கு ஒரு பெயரே வைத்தார். 1888இல் பூர்தியோன் என்ற இளம் மருத்துவர் தன் பட்ட ஆய்வு முழுவதையும் இதற்காகவே எழுதினார். காகிதத்தில் எல்லாம் இருந்தது.

ஆனால் எதிர்வாதமும் வலுவாக இருந்தது. அதுவும் நம்ம காக்கா பழமொழிதான். சொரியாசிஸ் அபூர்வ நோய் இல்லை. ஐரோப்பாவில் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு உண்டு. முடக்கு வாதமும் பரவலான நோய். பரவலான இரண்டு நோய் ஒரே ஆளிடம் தற்செயலாகச் சேர்ந்து இருப்பதில் என்ன ஆச்சரியம்? சொரியாசிஸ் உள்ளவருக்கு மூட்டு வீங்கினால், அவருக்குச் சொரியாசிஸும் இருக்கிறது, முடக்கு வாதமும் இருக்கிறது. கணக்கு முடிந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது என்று நினைக்கிறேன். தோலைப் பார்ப்பவர் ஒருவர், மூட்டைப் பார்ப்பவர் வேறொருவர். வேறு வாசல், வேறு டோக்கன், வேறு வரிசை. இரண்டு வரிசையிலும் நிற்பது நோயாளி மட்டும்தான். நான் நின்றிருக்கிறேன்.

ஆட்டு ரத்தம் சொன்ன சேதி

முடிச்சு அவிழ்ந்தது ஒரு ரத்தப் பரிசோதனையால். 1940இல் நார்வே நாட்டு எரிக் வாலரும், அவரை அறியாமலே 1948இல் அமெரிக்காவின் ஹாரி ரோஸும் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். தயார்படுத்திய ஆட்டின் ரத்தச் சிவப்பணுக்களோடு முடக்கு வாத நோயாளியின் ரத்த நீரைச் சேர்த்தால், அணுக்கள் திரிந்து கட்டியாகின்றன. முடக்கு வாதக்காரர்களின் ரத்தத்தில் ஏதோ ஒரு காரணி இருக்கிறது. அதைத்தான் இன்றைக்கு லேப் ரிப்போர்ட்டில் ஆர்.ஏ. ஃபேக்டர் என்று பார்க்கிறோம்.

1950களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வெர்னா ரைட் என்ற மருத்துவர், சொரியாசிஸோடு மூட்டுவலியும் உள்ளவர்களைத் தேடித் தேடிப் பார்த்தார். முடக்கு வாதத்தில் பெரும்பாலும் விடுபடும் விரல் நுனி மூட்டு இவர்களுக்கு வீங்குகிறது. நகத்தில் ஊசி குத்தினாற்போலக் குழிகள். சிலருக்கு முதுகெலும்பும் இறுகுகிறது. அந்த ஆட்டு ரத்தப் பரிசோதனை? பெரும்பாலானவர்களுக்கு நெகட்டிவ். அப்படியானால் இது முடக்கு வாதமே இல்லை, தனி நோய். 1964இல் அமெரிக்க மூட்டுவாதச் சங்கம் இதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. 1973இல் ரைட்டும் அவருடைய சகா மோலும் இதை ஐந்து வகையாகப் பிரித்து எழுதியது பல ஆண்டுகளுக்கு அடிப்படையாக இருந்தது. பெயர், சொரியாடிக் ஆர்த்ரைடிஸ். நம்ம வார்த்தையில் சொரியாசிஸ் மூட்டுவாதம்.

இதைப் படித்த அன்றைக்கு என் பழைய ஃபைலை எடுத்து அந்த ரிப்போர்ட்டை மறுபடியும் பார்த்தேன். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். இந்த நோய் தனி நோய் என்று நிரூபிக்க உதவிய அதே நெகட்டிவ். அதை வைத்துத்தான் எனக்கு நோயே இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கோபம் வந்தது. அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது.

ஞாபகத்தை நம்பலாமா?

தனி நோய் என்று ஆன பிறகுதான் அடுத்த கேள்வியைக் கேட்க முடிந்தது. இந்த மூட்டுவாதம் யாருக்கு, எப்போது ஆரம்பிக்கிறது? நோயாளிகள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். "விரல் கதவில் நசுங்கியது, அதே விரலில் ஆரம்பித்தது." "முட்டியில் அடிபட்டது, அதற்கப்புறம்தான்." 1990இல் கனடாவின் டொராண்டோ மருத்துவர்கள், அடிபட்ட பிறகு இந்த நோய் தொடங்கியவர்களைப் பற்றி எழுதினார்கள். 2008இல் மான்செஸ்டர் குழு ஒன்று நோயாளிகளிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டது. சொரியாசிஸ் மட்டும் உள்ளவர்களைவிட, மூட்டுவாதமும் வந்தவர்கள், டாக்டரிடம் போகும் அளவுக்கு அடிபட்டதாக அதிகம் சொன்னார்கள்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கு, பாருங்க. நோய் வந்தவர் காரணத்தைத் தேடுவார். தேடும்போது பழைய அடியெல்லாம் ஞாபகம் வரும். நோய் வராதவருக்கு, மூணு வருஷம் முன்னாடி படிக்கட்டில் தவறியது ஏன் ஞாபகம் இருக்கப் போகுது? நானே இதற்குச் சாட்சி. கால் வீங்காமல் இருந்திருந்தால், அந்த ஆட்டோவை எப்போதோ மறந்திருப்பேன். பழம் விழுந்த பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தால் காக்காதான் தெரியும்.

ஆக, இரண்டு விஷயம் தேவைப்பட்டது. அடிக்கும் நோய்க்கும் நடுவில் உடம்புக்குள் ஒரு வழி. ஞாபகத்தை நம்பாத ஒரு கணக்கு.

பந்தல் கயிறும் முளையும்

வழியைக் காட்டியதும் லீட்ஸ்தான். 1998இல் டென்னிஸ் மக்கோனகலும் சகாக்களும் ஒரு கருத்தை வைத்தார்கள். முடக்கு வாதம் மூட்டின் உள்சவ்வில் தொடங்குகிறது. சொரியாசிஸ் குடும்பத்து வாதங்களோ வேறு இடத்தில் தொடங்குகின்றன. தசைநாணும் தசைநாரும் எலும்பில் பதிகிற இடத்தில்.

பந்தல் போடும்போது பார்த்திருப்பீங்க. கயிற்றை இழுத்துத் தரையில் அடித்த முளையில் கட்டுவார்கள். காற்று அடிக்கும்போது முழு இழுவையும் அந்த முளையில்தான் இறங்கும். உடம்பில் அந்த முளைதான் இந்த இடம். குதிகாலில், முட்டியில், விரல் நுனியில், நாம் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் அங்கே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சேதம் ஆகிறது, ஆறுகிறது. நம் நகத்தின் வேரும் விரல் நுனியின் தசைநாணோடு பின்னிக்கிடக்கிறது. நகத்தில் குழி விழுபவர்களுக்கு விரல் நுனி மூட்டும் வீங்குவது ஏன் என்று இப்போது புரிகிறது.

2014இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை. மூட்டு அழற்சி தானாகவே வரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகள். சிலவற்றின் வாலை உயர்த்திக் கட்டி, பின்னங்கால் தரையில் ஊன்றாதபடி வைத்தார்கள். பாரம் விழாத அந்தக் கால்களின் குதிகால் தசைநாணில் அழற்சி வெகுவாகக் குறைந்திருந்தது. மரபணு அதேதான், பாரம்தான் இல்லை.

கோப்னர் தோலில் பார்த்தது உள்ளேயும் நடக்கிறது என்று மருத்துவர்கள் பேச ஆரம்பித்தார்கள். தோலில் சிராய்ப்பு எதைச் செய்கிறதோ, அதை எலும்பில் தசைநாண் பதியும் இடத்தில் அடியும் இழுவையும் செய்கின்றன. ஆழத்தில் நடக்கும் கோப்னர் என்றே அதற்குப் பெயர். பிரெஸ்லாவிலிருந்து இங்கே வந்து சேர 100 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அன்றே எழுதிய குறிப்பு

கணக்கு 2017இல் வந்தது. ஐஸ்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்கள் வைத்திருந்த கணினிப் பதிவுகளை எடுத்தார்கள். அங்கேதான் சூட்சுமம். அடிபட்ட அன்றே டாக்டர் எழுதிய குறிப்பு அது. பின்னாளில் மூட்டு வீங்குமா என்று எழுதியவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஞாபகத்துக்கு அங்கே வேலையே இல்லை.

சொரியாசிஸ் உள்ளவர்களில், அடிபட்டதாகப் பதிவானவர்கள் 15,416 பேர். ஒப்பிட, அடிபடாதவர்கள் 55,230 பேர். வயது, பால் போன்ற வித்தியாசங்களைச் சரிசெய்து பார்த்தபோது, அடிபட்டவர்களுக்கு மூட்டுவாதம் வரும் வாய்ப்பு 32 சதவீதம் அதிகம். எந்த மாதிரி அடி என்று பிரித்தால் இன்னும் தெளிவு. எலும்பில் அடி என்றால் 46 சதவீதம் அதிகம், மூட்டில் அடி என்றால் 50 சதவீதம் அதிகம். தோலில் மட்டும் பட்ட காயத்துக்கும் நரம்புக் காயத்துக்கும் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அடிபட்டவர்களுக்கு முடக்கு வாதம் கூடுகிறதா என்றும் பார்த்தார்கள். கூடவில்லை.

ஆழத்தில் பட்ட அடி, இந்த ஒரு நோயை மட்டும், அந்தத் தன்மை உள்ளவர்களிடம் கொஞ்சம் அதிகமாக எழுப்புகிறது. பதிவுகளை வைத்துப் பார்த்த ஆய்வு என்பதால் இது கடைசித் தீர்ப்பு இல்லை. ஆனால் தற்செயல் என்று இனி சிரித்து ஒதுக்கவும் முடியாது.

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்க, ஏனென்றால் இந்த 50 சதவீதம் பயமுறுத்தும். அந்த ஆய்வில் இருந்த 70,000 சொச்சம் பேரில், மொத்தம் 1,010 பேருக்குத்தான் மூட்டுவாதம் வந்ததாகப் பதிவானது. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. சின்ன எண் ஒன்றரை மடங்கானாலும் சின்ன எண்தான். அடிபட்டவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் சொரியாசிஸ் இருக்கிறது என்று ஷட்டில் விளையாடுவதை நிறுத்தாதீங்க. எலியின் காலைத் தூக்கிக் கட்டியது போல நம் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாழ முடியாது. மூட்டுவாதம் வந்தவர்களுக்கே 2018இன் அமெரிக்க வழிகாட்டுதல்கள் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன, நீச்சல், யோகா போல மூட்டை அதிராமல் செய்வதாக.

எட்டு மாதம்

எனக்கு நோய் என்ன என்று தெரிய, குதிகால் வலி ஆரம்பித்ததிலிருந்து எட்டு மாதம் ஆனது. தோல் டாக்டரிடம் வேறு எதற்கோ போனபோது, நான் நொண்டுவதைப் பார்த்து, செருப்பைக் கழற்றச் சொன்னார். விரலைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், ஒரு ருமட்டாலஜிஸ்ட் பெயரை எழுதிக் கொடுத்தார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எங்கேயாவது விழுந்தீங்களா?" ஒரு டாக்டர் தானாகவே அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எட்டு மாதம் சின்ன விஷயம் இல்லை. இந்த நோயைக் கண்டுபிடிக்க ஆறு மாதத்துக்கு மேல் தாமதமானவர்களுக்கு மூட்டுச் சேதமும் அன்றாட வேலைகளில் சிரமமும் அதிகம் என்று அயர்லாந்தில் 2015இல் வந்த ஆய்வு காட்டியது. என் இரண்டாவது கால்விரல் இன்றும் முழுசாக மடங்காது. மாத்திரை வேலை செய்கிறது, நடக்கிறேன், வண்டியும் ஓட்டுகிறேன். விரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால் கேட்கிறவர்களுக்கு ஒன்று. சொரியாசிஸ் உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மூட்டுவாதமும் வருகிறது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சொரியாசிஸ் இருந்து, காலையில் எழுந்ததும் மூட்டு அரைமணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தால், குதிகால் வலித்தால், ஒரு விரல் முழுசாக வீங்கினால், சுளுக்கு ஆற வேண்டிய காலத்தில் ஆறாவிட்டால், ருமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்க. சொரியாசிஸ் இருக்கிறது என்பதை அவர் கேட்கும் முன்னால் நீங்களே சொல்லுங்க. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதால் வாதமே இல்லை என்று யாராவது சொன்னால், வெர்னா ரைட்டை நினைச்சுக்கோங்க.

அப்பாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ காக்காதான் தள்ளிவிட்டுச்சுங்கற" என்றார். இல்லப்பா, என்றேன். காக்கா எல்லா மரத்திலும்தான் உட்காருது. இந்த மரத்துல பழம் பழுத்திருந்துச்சு. அந்த ஆட்டோக்காரர் மேலும் தப்பில்லை, என் பிரேக் மேலும் தப்பில்லை.

அம்மா மட்டும் இன்னும் கண்ணு பட்டதுதான் என்கிறாள். வெள்ளிக்கிழமையானால் வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறாள். நானும் தடுப்பதில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். ஹெல்மெட் போட்டுட்டுப் போங்க.